பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட வாரங்கள்



பி.எட். மாணவ மாணவியர் கூடியிருக்கும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் பொருளை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். கல்விக் கொள்கை, பாடத்திட்டம், தேர்வுமுறை என்று பெரிய பொருள்கள் பல இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டிருப்பது, பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பத்தில் உதவும் வேலை. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தை ஒட்டிய அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணித ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பு முடிந்து, தேர்வு முடிந்து, பள்ளிக்கும் பிள்ளைக்கும் இனிச் சம்பந்தம் இல்லை என்று பதிவேடு சொல்லும் அந்த மே, ஜூன் மாதங்களில்தான் பிள்ளைகளுக்கு ஆசிரியர் மிக அதிகமாகத் தேவைப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயர்கல்வியில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021–22 இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இங்கே 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. நுழைவுத் தேர்வு இல்லாத பொறியியல் சேர்க்கை இருக்கிறது. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கட்டணமும் பதிவும் சேர்த்து 50 ரூபாய்தான். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய். இவ்வளவு இருந்தும், வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போயிராத பிள்ளைகள் ஆண்டுதோறும் சிலர் நழுவிப்போகிறார்கள். மதிப்பெண் இருக்கும், தகுதி இருக்கும், அரசின் திட்டமும் இருக்கும். விண்ணப்பம் போட்டது முதல் வகுப்பில் போய் உட்காரும் நாள் வரை கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் இருந்திருக்கமாட்டார். அந்தப் பெரியவர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதும், அவர் பிள்ளைக்காக முடிவெடுக்கக் கூடாது, பிள்ளை முடிவெடுக்கும்வரை விலகிப்போகவும் கூடாது என்பதும்தான் நான் சொல்ல வந்தது.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 1984 இல் வந்தது. பயிற்சி மையங்கள் நகரத்தில்தான் இருந்தன. கிராமத்துப் பிள்ளை அந்தத் தேர்விலேயே தங்கிப்போனது. அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர், வாணியம்பாடியில் பிறந்த மு. ஆனந்தகிருஷ்ணன். அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்றுச் சட்டம் இயற்றப்பட்டு, 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு நீங்கியது. பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறை உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்கி, யாரையாவது பிடித்து, நன்கொடை கொடுத்துச் சேர்ந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும்.

2017 வரை பொறியியல் கவுன்சிலிங் சென்னையில் நேரில் நடந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அப்பாவோடு இரவுப் பேருந்து ஏறி, விடியற்காலையில் கோயம்பேட்டில் இறங்கி, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திரையில் கல்லூரி வாரியாகக் காலியிடம் ஓடும். முறை வந்ததும் கணினிக்கு முன்னால் அழைப்பார்கள். அங்கே கணினியை இயக்குபவர் ஒருவர் இருப்பார். சில நிமிடங்களில் ஒரு வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2018 இல் எல்லாம் இணையவழி ஆனது. இரவுப் பயணம் போயிற்று, செலவு போயிற்று, பதற்றமும் ஓரளவு குறைந்தது. இந்த மாற்றம் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். அதே நேரத்தில், கணினிக்கு அந்தப் பக்கம் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தார் அல்லவா, அவரும் போய்விட்டார். மாவட்டந்தோறும் உதவி மையங்களை அரசு வைத்திருக்கிறது. சென்று கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்கள். ஆனால் மலையடிவாரத்துப் பிள்ளை முதலில் போவது பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு.

அங்கே என்ன நடக்கிறது என்று பலமுறை கூட நின்று பார்த்திருக்கிறேன். சென்டர் நடத்துகிற தம்பி கெட்டவர் இல்லை. அவருக்கு முன்னால் இருபது பேர் நிற்கிறார்கள். பட்டா மாறுதல், ஆதார் திருத்தம், மின்கட்டணம், அதோடு இதுவும். பிள்ளையிடம் சொந்தமாகப் போன் இல்லையென்றால் தன் எண்ணையோ, அந்த நேரத்தில் கூட வந்தவரின் எண்ணையோ போட்டுவிடுகிறார். மின்னஞ்சல் முகவரியும் அவரே உருவாக்கியது. கடவுச்சொல் ஒரு துண்டுச் சீட்டில். ஆறு வாரம் கழித்து ரேங்க் லிஸ்ட் வெளியாகிறது, கல்லூரி விருப்பங்களைப் பதியச் சொல்லிச் செய்தி வருகிறது, ஓ.டி.பி. வருகிறது. எல்லாம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டில் இருக்கும் மாமாவின் போனுக்கு வருகிறது. மாமா தூங்கி எழுந்து பார்க்கும்போது அவகாசம் முடிந்திருக்கும். நல்ல கட் ஆஃப் வைத்திருந்த பிள்ளை இப்படித்தான் ஒரு சுற்றை இழக்கிறது. ஆகவே இந்த வேலையில் முதல் காரியம் மிகச் சாதாரணமானது. கல்லூரிச் சேர்க்கை முடியும்வரை மாறாமல் இருக்கும் ஒரு போன் எண், பிள்ளை தானே திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு மின்னஞ்சல், நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதிய கடவுச்சொல். இதைப் பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே செய்து முடித்துவிடலாம்.

அடுத்தது சான்றிதழ்கள். இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் மதிப்பெண் குறைவால் நின்றவர்களைவிடச் சான்றிதழால் அலைந்தவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் சிக்கல் பெயர். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகச் சேர்ந்திருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். சாதிச் சான்றில் ஆங்கில எழுத்துக்கூட்டு வேறாக இருக்கும். வங்கிக் கணக்கில் வீட்டில் கூப்பிடும் பெயரே ஏறியிருக்கும். உதவித்தொகை ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. ஓர் எழுத்து மாறினாலும் பணம் நின்றுவிடும். இதைத் திருத்த ஏற்ற காலம், பத்தாம் வகுப்புத் தேர்வெழுதுவோர் பெயர்ப்பட்டியலான நாமினல் ரோல் தயாராகும் நாட்கள். அப்போது வகுப்பாசிரியர் ஆதார் அட்டையையும் பிறப்புச் சான்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்துச் சரிபார்த்தால், இரண்டு வருடம் கழித்து ஒரு குடும்பம் தேர்வுகள் இயக்ககத்துக்கு மனு எழுதிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது. நாமினல் ரோலை எழுத்தர் வேலையாக நினைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் எதிர்காலத்தைத் தொடுகிற வேலைகளில் அதுவும் ஒன்று என்று இங்கிருக்கும் பி.எட். மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சிக்கல் காலம். பிளஸ் டூ முடிவு வருவது மே மாதம். பொறியியல் விண்ணப்பமும் கலைக் கல்லூரி விண்ணப்பமும் அதையொட்டித்தான். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று என்று எல்லோரும் ஒரே வாரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடுகிறார்கள். அதே மே, ஜூனில்தான் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி, அதாவது கிராம வருவாய்க் கணக்குத் தணிக்கை. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் கணக்குகளோடு அங்கே உட்கார்ந்திருப்பார்கள். விண்ணப்பம் அவர்களைத் தாண்டித்தான் துணை வட்டாட்சியர் மேசைக்குப் போக வேண்டும். யார் மீதும் குற்றம் இல்லை. காலம் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. ஜனவரி, பிப்ரவரியிலேயே இந்த மனுக்களைப் போட்டுவிட்டால் சான்றிதழ் கையில் இருக்கும்போது மதிப்பெண் வரும். பழங்குடியினர் சான்று கோட்டாட்சியர் அளவில் விசாரித்துக் கொடுக்கப்படுவது. அதற்கு இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் தாத்தாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஏற்கெனவே கிடைத்த சான்றின் நகல் ஒன்று வீட்டுப் பெட்டியில் இருந்தாலே பாதி வேலை முடியும். அதைத் தேடி எடுக்கச் சொல்வது ஒன்பதாம் வகுப்பிலேயே நடக்க வேண்டிய காரியம்.

முதல் பட்டதாரிச் சலுகை நம் மாநிலத்தின் அருமையான திட்டம். வீட்டில் தாத்தா பாட்டி, பெற்றோர், கூடப்பிறந்தவர் யாருமே பட்டம் பெற்றிராவிட்டால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கிறது. அண்ணன் பி.ஏ. முடித்திருந்தால் தங்கைக்குக் கிடைக்காது. வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் ஒரே ஆண்டில் வந்து நின்றால் யார் பெயரில் வாங்குவது என்ற கேள்வி எழும். இதெல்லாம் குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டியவை. கடைசி நாளில் சென்டரில் நின்றுகொண்டு பேசக் கூடாதவை.

அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020 இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021 இலும் வந்தது. இதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. என் பணிக்காலத்தில் நான் கண்ட மாற்றங்களில் இதையே மிகப் பெரியதாகச் சொல்வேன். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கட்டட வேலைக்குப் பெங்களூரு போகின்றன. அப்பா அம்மாவோடு ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் அங்கே போய்ப் படித்துவிட்டுத் திரும்பிய பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு கிடைப்பதில்லை. மிக ஏழ்மையான வீட்டுப் பிள்ளை, ஏழ்மையின் காரணமாகவே, ஏழைகளுக்கான இடத்தை இழக்கிறது. சட்டத்தை இயற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஐந்தாம் வகுப்பு முடிந்து குடும்பம் கிளம்பும்போது, பாட்டி வீட்டிலோ அரசு விடுதியிலோ பிள்ளையை விட்டுப்போக முடியுமா என்று பெற்றோரிடம் விவரத்தைச் சொல்லிக் கேட்பது. முடிவு அவர்களுடையது. விவரம் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

இனி, கல்லூரி விருப்பங்களை வரிசைப்படுத்துவது. சாய்ஸ் ஃபில்லிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒரு மாணவியோடு உட்கார்ந்ததை அப்படியே சொல்கிறேன். கட் ஆஃப் 150ஐ ஒட்டி இருந்தது. கணிதம் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் 50, 50 ஆகக் குறைத்து, மொத்தம் 200க்குப் போடும் கணக்கு. அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அம்மா ஊரில் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டு இரண்டு கறவை மாடு வைத்திருந்தார். அந்தப் பெண் ஒரு தாளில் ஐந்து கல்லூரி எழுதி வந்திருந்தாள். ஐந்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸ்.

“யாரும்மா எழுதிக் குடுத்தது?”

“சென்டர் அண்ணா சார்.”

“உனக்கு எது புடிக்கும்?”

பதில் இல்லை. அம்மா குறுக்கிட்டார்: “எங்களுக்கு இன்னா சார் தெரியும், நீங்களே பாத்துப் போட்டுடுங்க.”

இந்த வாக்கியத்தை ஆசிரியர் ஏற்றுக்கொள்ளக் கூடாது. அம்மா மரியாதையால் சொல்கிறார், நம்பிக்கையால் சொல்கிறார். ஆனாலும் மவுஸை நான் தொடுவதில்லை. பிள்ளைதான் உட்கார்ந்து தட்ட வேண்டும். நான் பக்கத்து நாற்காலி. வேறு பேச்செல்லாம் பேசினோம். மாட்டைப் பற்றி, கிணற்றைப் பற்றி. நிலத்து மோட்டார் நின்றால் யார் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். “நான்தான் சார் ஸ்டார்ட்டர் பாப்பேன். ஃபியூஸ் போச்சா, கெபாசிட்டர் போச்சான்னு பாப்பேன்” என்றாள். அப்போதுதான் எலக்ட்ரிக்கல் என்றொரு பிரிவு இருக்கிறது என்பதே பேச்சுக்கு வந்தது. அவள் அதைப் பற்றி நிறையக் கேட்டாள். பெண் பிள்ளைக்கு அந்த வேலை ஆகுமா என்று அம்மா கேட்டார். மின்வாரியத்தில் பெண் பொறியாளர்கள் வேலை செய்வதைச் சொன்னேன்.

பட்டியல் புதிதாகத் தொடங்கியது. முதலில் கிண்டி பொறியியல் கல்லூரி. அவள் கேட்டாள்: “கிடைக்காதுன்னு தெரியும்ல சார், அப்பறம் ஏன் போடணும்? நம்ம சாய்ஸ் ஒண்ணு வேஸ்டாப் போயிடாதா?” இது நல்ல கேள்வி. பல ஆசிரியர்களுக்கும் இதில் குழப்பம் இருக்கிறது. அவளிடம் சொன்னேன்: எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் கொடுக்கலாம், எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. தரவரிசைப்படி உன் முறை வரும்போது கணினி உன் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும். முதல் இடத்தில் உன் பிரிவில் காலியிடம் இல்லையா, இரண்டாவதைப் பார்க்கும். அதுவும் இல்லையா, மூன்றாவது. இருக்கிற இடங்களில் உன் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைக் கொடுக்கும். மேலே கிண்டியைப் போட்டதால் கீழே உள்ள எந்த இடமும் உனக்குக் குறையாது. ஆனால் உனக்கு நிஜமாகப் பிடித்த கல்லூரியை ஏழாவதாகவும், இதாவது கிடைக்கட்டும் என்று பயந்து போட்ட கல்லூரியை இரண்டாவதாகவும் எழுதினால், இரண்டாவதே கிடைத்துவிடும். ஏழாவதை அது பார்க்கவே பார்க்காது. ஆகவே கிடைக்குமா என்று பார்த்து வரிசைப்படுத்தாதே. பிடித்த வரிசையிலேயே எழுது. பட்டியலை மட்டும் நீளமாக வை.

அவள் கிண்டிக்குக் கீழே வேலூர் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியையும் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியையும் எழுதினாள். அதற்குக் கீழே உதவிபெறும் கல்லூரிகள், பிறகு தனியார் கல்லூரிகள். கல்லூரிக் குறியீட்டு எண்ணை ஒருமுறைக்கு இருமுறை வாய்விட்டுப் படிக்கவைத்தேன். நம் மாநிலத்தில் ஒரே அம்மன் பெயரில், ஒரே பிள்ளையார் பெயரில் ஏகப்பட்ட கல்லூரிகள். ஓர் எண் மாறினால் தருமபுரிக்குப் பதில் தூத்துக்குடிக்குப் போக வேண்டிவரும். இறுதியில் அவள் பட்டியலில் மேல்வரிசையில் இருந்த ஓர் அரசுக் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் கிடைத்தது.

இடம் கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன், வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்று பல பதில்களில் ஒன்றைக் குறித்த நேரத்துக்குள் சொல்ல வேண்டும். காத்திருந்து மேல் விருப்பம் கிடைத்துவிட்டால் முதலில் கிடைத்த இடத்துக்குத் திரும்ப முடியாது. ஏற்றுச் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போகாவிட்டால் இடம் போய்விடும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு, ஆங்கிலத் திரையில், ஆடி மாதத்துத் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் இந்த முடிவு. அன்றைக்கு ஆசிரியரின் போன் திறந்திருக்க வேண்டும்.

பொறியியலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்தவனாவேன். கலைப்பிரிவு, வணிகப்பிரிவு, தொழிற்பிரிவுப் பிள்ளைகளிடம் ஏதாவது டிகிரி சேர்ந்துக்கோ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர்களுக்கான வாய்ப்புகளின் காலம் முற்றிலும் வேறு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரில் நடக்கிறது. ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்டின் விண்ணப்பமும் பொதுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த படிப்புகளுக்குக் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கும் பிளஸ் டூ முடிவுக்கு முன்பே பதிய வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், பிளஸ் டூவில் எந்தப் பிரிவாக இருந்தாலும் முயலலாம். மார்க் வரட்டும் பார்க்கலாம் என்பது நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் ஊறிய வழக்கம். மார்க் வந்து பார்க்கும்போது இவற்றில் பெரும்பாலான வாய்ப்புகளுக்கு நாள் கடந்திருக்கும். கூடவே கட்டணம். கிளாட் விண்ணப்பத்துக்குப் பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கு 3,500. அம்மாவின் பல நாள் கூலி அது. இந்த இடத்தில்தான் முன்னாள் மாணவர்களின் உதவி வேண்டும். பள்ளிக்கு நுழைவாயில் கட்டித்தர முன்வரும் முன்னாள் மாணவர்களிடம், இந்த ஆண்டு நான்கு பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தவரை நான் பார்த்ததில்லை.

உதவித்தொகை விண்ணப்பங்களிலும் நேர்காணல்களிலும் தன்னைப் பற்றி எழுதச் சொல்வார்கள். அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. அதற்குத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வீட்டைப் பார்ப்பவர்களுக்கு வறுமை தெரிந்துவிடும். ஆளைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதச் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளோ ‘நான் ஓர் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவள், என் குடும்பத்தைக் காப்பாற்ற விரும்புகிறேன்’ என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். ஒரு பையன் அப்படித்தான் எழுதினான். அவன் தினமும் காலையில் என்ன செய்வான் என்று கேட்டேன். பால் சொசைட்டியில் அம்மா ஊற்றும் பாலின் அளவும், கொழுப்பும், தொகையும் ஒரு நோட்டில் எழுதி, பத்து நாளுக்கு ஒருமுறை சொசைட்டிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பானாம். இருமுறை வித்தியாசத்தைக் கண்டுபிடித்துப் பணம் திரும்ப வாங்கியிருக்கிறான். வணிகவியல் படிக்க விரும்பும் பையன் இதை எழுத வேண்டாமா? எழுதலாமா சார், அது வீட்டு வேலைதானே என்றான். அவனே எழுதினான், இரண்டு ஒற்றுப்பிழையைத் தவிர நான் எதையும் திருத்தவில்லை. ஆசிரியர் எழுதிக்கொடுத்த பத்தி நேர்காணலில் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். பையன் எழுதியதென்றால் எவ்வளவு கேட்டாலும் சொல்லுவான்.

ஓர் எச்சரிக்கை. மே மாதத்தில் ஊருக்குள் ஏஜென்டுகள் வருகிறார்கள். கல்லூரிக்குப் பிள்ளை சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். பேருந்து இலவசம், கட்டணம் பிறகு கட்டலாம் என்று இனிக்கப் பேசி அசல் டி.சி.யையும் மதிப்பெண் சான்றையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் சான்றிதழைத் திரும்பப் பெற முடியாமல் குடும்பம் தவிக்கும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்றும், விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் ஆணையிட்டிருக்கிறது. அந்த ஆணையின் நகலைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். டி.சி. கொடுக்கும் நாளில் ஒவ்வொரு பெற்றோரிடமும், பிள்ளை கல்லூரியில் சேரும் மேசையைத் தவிர வேறு எங்கும் அசலைக் கொடுக்காதீர்கள் என்று வாயால் சொல்ல வேண்டும். பலகையில் இருப்பதை எல்லோரும் படிப்பதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் விண்ணப்பத்தைத் தாண்டியும் ஒரு வேலை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இந்தப் பணம் வீட்டுக்குள் பெண்ணின் பேச்சுக்குக் கொஞ்சம் எடை சேர்த்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனாலும் விடுதி என்றதும் தாய்க்குப் பயம். அந்தப் பயத்தைக் கிண்டலாகவோ பத்தாம்பசலியாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கல்லூரியிலேயே படிக்கும் நம் பள்ளிப் பழைய மாணவி ஒருத்தியின் அம்மாவோடு பேசவைப்பதே சிறந்த வழி. தாயும் தாயும் பேசிக்கொள்வதில் தீரும் விஷயங்கள் ஆசிரியர் சொல்லித் தீராது. அதோடு, அரசு தரும் பணம் சேர்ந்த அன்றே கைக்கு வந்துவிடாது. பெட்டி, போர்வை, பேருந்துக் கட்டணம், முதல் மாதச் செலவு என்று சில ஆயிரம் ரூபாய் அந்த வாரத்திலேயே தேவைப்படும். இடம் கிடைத்தும் சேராமல் போனவர்கள் சிலர் நின்றது இந்தத் தொகையில்தான்.

கடைசியாக, தேர்ச்சி பெறாத பிள்ளைகள். முடிவு வந்த அன்று பள்ளி வாசலில் கேமராவும் இனிப்பும் தேர்ச்சி பெற்றவர்களுக்கு. ஒரு பாடத்தில் போன பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வராது. அன்று மாலையே அந்த வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் துணைத் தேர்வு வருகிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு உண்டு. அரசு கலைக் கல்லூரிகளிலும் காலியிடம் இருக்கும். உரிய பாடப்பிரிவில் பிளஸ் டூ தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்துக்கொண்டே ஐ.டி.ஐ.யில் சேரவும் வழி இருக்கிறது. படிப்பைத் தொடராத பிள்ளைகளைத் தேடிப்பிடித்துச் சேர்க்க அரசே உயர்வுக்குப் படி என்று முகாம் நடத்துகிறது. அங்கே வட்டாட்சியர் அலுவலகத்தாரும் கல்லூரிக்காரர்களும் வங்கிக்காரர்களும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அந்த முகாமுக்குப் பிள்ளையைக் கையோடு அழைத்துப்போக ஒருவர் வேண்டும். நீங்கள் ஆசிரியராகி, முதல் பிளஸ் டூ வகுப்புக்குப் பொறுப்பேற்கும் ஆண்டில், யார் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குவீர்கள். அந்த நோட்டில் தேர்ச்சி பெறாதவர் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், எதிரே துணைத் தேர்வு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆகஸ்ட் முடியும்வரை அதை மூடிவைக்காதீர்கள்.